சைகோன் கதை

இந்தப் பழத்துக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் ஒட்டவில்லை. கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் தள்ளுவண்டிக்காரர்கள் "டிராகன்" என்கிறார்கள். எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் பாட்டி "டிராக்டர் பழம்" என்கிறார். நான் திருத்துவதில்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2021 ஜனவரியில் குஜராத் அரசு இதற்குக் "கமலம்" என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர் நம் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. பிரெஞ்சில் பித்தாயா.

நான் முதலில் கேட்ட பெயர் இவை எதுவும் இல்லை, "தான் லோங்". வியட்நாமியப் பெயர். லோங் என்றால் டிராகன். அதை எனக்குச் சொன்னவர் என் அப்பா. அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும், புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா 1947ல் சைகோனுக்குப் போனவர். அந்தக் காலத்தில் புதுவையிலிருந்து இந்தோசீனாவுக்குப் போவது புதிய விஷயமில்லை. பட்டாளத்துக்குப் போனவர்கள், போலீசுக்குப் போனவர்கள், சுங்கத்தில் கணக்கு எழுதப் போனவர்கள் என்று தெருவுக்கு நாலு வீடு இருக்கும். சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்களில் இன்றும் விசேஷத்துக்குச் சாய்யோ பொரிக்கிறார்கள். அப்பா சுங்கத்தில் எழுத்தர். 1950ல் ஒரு முறை விடுப்பில் வந்து போனார். அதன் பலனாக 1951ல் நான் பிறந்தேன். 1954 மே மாதம் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே வருடம் நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரே வருடத்தில் அப்பாவின் எஜமானர்கள் அங்கேயும் இறங்கினார்கள், இங்கேயும் இறங்கினார்கள். 1955ல் ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தார்.

பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அவர் வாயில் இருந்தவை நினைவிருக்கின்றன. அங்கே கடைத்தெருவில் தவளையைக் கட்டிக் கூறு போட்டு விற்பார்களாம். காலையில் கிண்ணம் நிறையச் சூப்பு குடித்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவார்களாம். அப்புறம் இந்தப் பழம். கள்ளி ஒன்று மரத்தின் மேல் ஏறிப் படர்ந்து கிடக்கும். ராத்திரியில் மட்டும் ஒரு அடி நீளத்துக்குப் பூ பூக்கும், விடிந்தால் தொங்கிப் போகும். ஒரு மாதத்தில் நெருப்புப் பிடித்த மாதிரி ஒரு பழம். அறுத்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று, எள்ளைக் கொட்டிக் கலந்த மாதிரி. வாயில் போட்டால் கற்கண்டு.

அம்மா நம்பவில்லை. "கள்ளியில பழம்னா சப்பாத்திக்கள்ளிப் பழம்தான். நாங்க சின்னப்பிள்ளையில திங்காததா? வாயெல்லாம் சிவந்து, நாக்குல முள்ளு ஏறி. உங்கப்பா அதைத்தான் பெரிசு பண்ணிச் சொல்றாரு" என்பார்கள். நாளடைவில் எங்கள் வீட்டில் யார் எதை ஊதிப் பெரிதாக்கிச் சொன்னாலும் அதற்குச் "சைகோன் கதை" என்று பெயர் விழுந்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

சிரிக்காதவள் அக்கா. அவள் 1948ல் பிறந்தவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். 1953ல் அப்பா ஒரு கடிதம் எழுதியிருந்தாராம், "கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், மூன்று பேரும் புறப்படத் தயாராக இருங்கள்" என்று. ஐந்து வயதுக் குழந்தை ஒரு தகரப் பெட்டியில் தன் பாவாடைகளை மடித்து வைத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கப்பல் வந்தது, போனது. டிக்கெட் வரவில்லை. அதற்குப் பிறகு தெருப் பிள்ளைகள் அவளைப் பார்த்தாலே "கப்பல் வந்துச்சா?" என்று கேட்பார்களாம். எனக்கு அப்போது இரண்டு வயது, இதெல்லாம் பின்னால் அம்மா சொன்னது. அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அப்பா கதை சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள், அவ்வளவுதான். அப்பா 1981ல் காலமானார்.

இந்தப் பழத்தை நான் முதலில் கண்ணால் பார்த்தது 2013ல். புதுவையில் ஒரு பெரிய கடையில் வெள்ளை வலை உறை போட்டு அடுக்கியிருந்தார்கள், இறக்குமதி. ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது, கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் வாங்கி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அறுத்தோம். அப்பா சொன்ன வெள்ளை இருந்தது, எள் இருந்தது. வாயில் போட்டால் வெள்ளரிப்பிஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. அக்கா ஒரு துண்டு தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "இதுக்குத்தான் கற்கண்டுன்னாரா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அடுத்த வருடம் நானும் மனைவியும் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டோம். அவள் ஊர் கச்சிராயபாளையம், கோமுகி அணைக்குப் பக்கம். அணையைத் தாண்டினால் மலைதான். 2021ல் ஒரு நாள் வெள்ளிமலை போய்விட்டு வரும் வழியில், மரவள்ளிக் காட்டு ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு சிமெண்டுத் தூண்கள் நட்டிருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். தூணைக் கட்டிக்கொண்டு முப்பட்டைக் கள்ளி ஏறியிருந்தது. தூண் உச்சியில் பழைய டயர், அதன் வழியாகச் செடி நாலாபக்கமும் தலைவிரித்துத் தொங்கியது. நிலத்துக்காரர் தருமபுரிப் பக்கத்திலிருந்து குச்சி வாங்கி வந்து வைத்தாராம். "இது கடுக்கா மாதிரி இல்ல சார், தானா வராது. ராத்திரியில கூட இருக்கணும்" என்றார். அது அப்போது எனக்குப் புரியவில்லை. வெள்ளைச் சதை ரகத்தில் இரண்டு, சிவப்புச் சதை ரகத்தில் இரண்டு என்று நாலு குச்சி வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்குள் கொண்டுவந்ததும் தகராறு. "கள்ளியை யாராவது வீட்டுல வைப்பாங்களா? குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்றாள் மனைவி. கீறிக் காட்டினேன். நம் நாட்டுச் சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வரும். இது வெறும் தண்ணீர் விடும், பால் கிடையாது. சப்பாத்திக்கள்ளியிலும் பால் இல்லை. அதுவும் இதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தில் ஊர் ஊராக நிலத்தை அடைத்துக்கொண்டு, 1920களில் அதைத் தின்னும் பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் ஒழித்தார்கள். டிராகன் பழம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் பிறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கையால் வியட்நாம் போனது. என் அப்பாவைக் கொண்டுபோன அதே ஆட்கள்தான். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். "பால் வராட்டியும் கள்ளி கள்ளிதான். மாடியில வெச்சுக்குங்க, வாசல்ல வேணாம்" என்று தீர்ப்பு வந்தது. கொல்லையில் வேப்பமர நிழல். இதற்கு வெயில் வேண்டும். ஆக, மாடிதான்.

வைக்க நினைப்பவர்களுக்காகச் செய்தவற்றைச் சொல்கிறேன். குச்சி ஒரு அடி நீளம் இருந்தால் போதும். வெட்டிய உடனே நடக்கூடாது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை ஐந்தாறு நாள் நிழலில் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். தலை எது, கால் எது என்று அடையாளம் வைத்துக்கொண்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் புதைக்காமல் நட வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய சாண எருவும் கலந்தேன். நடுவில் ஐந்தடிச் சிமெண்டுக் கால், உச்சியில் ஸ்கூட்டர் டயர். மண்ணும் காலும் ஈரமும் சேர்ந்தால் நல்ல பாரம். கட்டடத்தின் தூண் மேலே வருகிற மூலையாகப் பார்த்து வைத்தேன். நட்ட நடு மாடியில் வைக்காதீர்கள். பக்கக் கிளையெல்லாம் கிள்ளிவிட்டு ஒரே தண்டாக டயர் வரை ஏற்ற வேண்டும். டயரைத் தாண்டித் தொங்க ஆரம்பித்த பிறகுதான் பூ.

மலை மேலே இரண்டாயிரம் அடிக்கு மேல் இருக்கிற குளிர்ச்சி நமக்குக் கிடையாது. கத்திரி வெயிலில் தண்டு மஞ்சளாகி வெளுத்து வெந்துவிடும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் மனைவியின் பழைய நூல் புடவையைப் பந்தலாகக் கட்டினேன். தண்ணீர் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை போதும். கள்ளிக்குத் தண்ணீர் வேண்டாம் என்பதும் தப்பு, தேங்குவது அதைவிடத் தப்பு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது நினைவிருக்கும், திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணை என்ன பாடு படுத்தியது என்று. அந்த மழையில் ஒரு டிரம்மின் ஓட்டை வேரால் அடைத்துக்கொண்டு இரண்டு நாள் தண்ணீர் நின்றது. அந்தச் செடி அடியிலிருந்து பழுப்பாகிக் கூழாகிவிட்டது. அழுகலுக்கு மேலே நல்ல பாகமாக வெட்டிக் காய வைத்து நட்டதில் ஒன்றுக்கு ஐந்தாக வந்தது. அந்த விஷயத்தில் இது நம் பென்ஷன் கோப்பு மாதிரி, எங்கே வெட்டினாலும் திரும்ப முளைக்கும்.

பூ வந்தது 2022 ஜூனில். மொட்டு தெரிந்ததிலிருந்து பூக்கச் சுமார் இருபது நாள். இந்தச் செடி பகலில் மூச்சை அடக்கிக்கொள்ளும். மற்றச் செடிகள் பகலில் திறக்கிற நுண்துளைகளை இது இரவில் திறந்துதான் காற்றை வாங்கும், பகலில் திறந்தால் ஈரம் போய்விடும் என்பதற்காக. பூவும் அப்படியே. விளக்கு வைக்கிற நேரத்தில் நுனி நெகிழும். ஒன்பது பத்து மணிக்கு முழுசாக விரிந்து, அப்பா சொன்ன அதே ஒரு அடி, மாடி முழுக்க வாசனை. சில வீடுகளில் பிரம்ம கமலம் என்று ஒரு செடி வைத்துக்கொண்டு பூக்கிற ராத்திரி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுவார்களே, அதற்கு இது பங்காளிதான்.

முதல் பூ நாலைந்து நாளில் மஞ்சளாகி உதிர்ந்தது. மலைக்காரர் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. இதன் சொந்த நாட்டில் பெரிய அந்துப்பூச்சிகளும் வௌவால்களும் ராத்திரியில் வந்து மகரந்தத்தை மாற்றிவிடும். இங்கே அந்த வேலைக்கு ஆள் இல்லை. நான் படித்த பிரெஞ்சு அரசாங்க வேலையில் ஒரு நாளும் உதவியதில்லை. இதற்கு உதவியது. ரெயூனியோன் தீவில் சிராட் என்கிற பிரெஞ்சு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் இந்தச் செடியின் மகரந்தச் சேர்க்கையை ஆராய்ந்திருக்கிறது. இணையத்தில் தேடி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். வெள்ளைக்கு அதன் மகரந்தமே ஆகாது, சிவப்புக்கும் அதன் மகரந்தம் ஆகாது, ஒன்றை ஒன்றுக்கு மாற்றிக் கையால் போட்டால் நல்ல பழம் என்று அங்கே கண்டிருக்கிறார்கள். சொந்த மகரந்தத்திலேயே காய்க்கிற ரகங்களும் இப்போது உண்டு, குச்சி வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே ராத்திரியில் பூத்தால் சிக்கலில்லை. முந்திப் பூத்ததன் மகரந்தத்தைத் தட்டிச் சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும். இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம். ஜூலையில் ஒரு ராத்திரி இரண்டு ரகமும் சேர்ந்து விரிந்தன. பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறினேன். பெயிண்ட் பிரஷ்ஷைப் பிடித்த கை ஆடுகிறது. பாதி மகரந்தம் தரையில். கீழே டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, "இறங்குங்க, இறங்குங்க" என்று என்னை இறக்கிவிட்டு, தான் ஏறினாள். பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டாள். பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்து, கோலம் இழுக்கிற மாதிரியே, பூ நடுவில் விரல் விரித்துக்கொண்டு நிற்கிற சூல்முடியில் தடவினாள். ஐம்பது வருடம் வாசலில் மாவு போட்ட விரல். ஆறு பூவுக்கு ஆறும் பிடித்தது. அதற்குப் பிறகு அந்த இலாகா அவளுடையது. கள்ளி குடும்பத்துக்கு ஆகாது என்ற பேச்சை அவள் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் மொட்டு எத்தனை என்று காலையில் எனக்கு முன்னால் எண்ணிவிட்டு வருகிறாள்.

வியட்நாமில் தோட்டம் முழுக்க ராத்திரியில் விளக்கு எரியவிட்டு, பகல் நீண்டிருப்பதாகச் செடியை ஏமாற்றி, பருவமில்லாத காலத்திலும் பூக்க வைக்கிறார்களாம். நமக்கு மின்கட்டணம் கட்டி மாளாது. ஜூன் முதல் அக்டோபர், நவம்பர் வரை வருவது போதும்.

பிஞ்சு பிடித்து இருபத்தைந்து நாளில் தோல் சிவக்க ஆரம்பிக்கும். உடனே பறிக்காதீர்கள். இந்தப் பழம் மாம்பழம், வாழைப்பழம் மாதிரி பறித்த பிறகு வைக்கோலில் வைத்தால் இனிக்கிற ஜாதி இல்லை. செடியில் எவ்வளவு இனிப்பு ஏறியதோ அவ்வளவுதான். முழுச் சிவப்பான பிறகும் நாலைந்து நாள் விட்டு, செதில் நுனி வாடத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். அணிலுக்கும் மைனாவுக்கும் அந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டிவிடுங்கள்.

இன்னொன்று. சர்க்கரைக்கு இது மருந்து என்று கைப்பேசியில் வருவதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பழம் பழம்தான், அளவோடு தின்னலாம். சிவப்புச் சதை ரகம் தின்றால் மறுநாள் சிறுநீரும் சிவக்கும், பீட்ரூட் தின்ற மாதிரி. ரத்தம் என்று பயந்து என் நண்பர் ஒருவர் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினார்.

2022 ஆகஸ்டில் முதல் வெள்ளைப் பழத்தை அறுத்தோம். ஒரு துண்டை வாயில் போட்டேன். கற்கண்டு. அப்பா சொன்ன அதே சொல்தான் வாயில் வந்தது. 2013ல் தின்றது கப்பல் பயணம் தாங்க வேண்டும் என்று செங்காயாகப் பறித்த பழமாக இருந்திருக்க வேண்டும். அப்பா தின்றது சைகோன் சந்தையில், முந்தின நாள் சாயங்காலம் பறித்துக் காலையில் வந்த பழம். அவர் ஒரு சொல் கூட்டவில்லை. மரத்தில் ஏறுகிற கள்ளி, ராத்திரிப் பூ, நெருப்பு நிறம், எள், எல்லாம் பார்த்தது பார்த்தபடி. சுங்கத்தில் கணக்கு எழுதியவர் வேறு எப்படிச் சொல்வார்?

அக்காவுக்கு உடனே கொடுக்க முடியவில்லை. அவள் பிரான்சில் மகன் வீட்டில் இருந்தாள். இந்த 2025 ஜூனில்தான் புதுவைக்கே திரும்பி வந்தாள். ஆகஸ்டில் மூன்று பழத்தைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, விழுப்புரத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அறுத்து வைத்தேன். ஒரு துண்டு எடுத்தாள். இன்னொரு துண்டு எடுத்தாள். கைப்பேசியில் பூவின் படத்தைக் காட்டினேன், பக்கத்தில் மனைவி டார்ச்சோடு நிற்கிறாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ அந்தத் தவளையும் நிஜமாடா?"

"அது நிஜந்தான்க்கா. பிரெஞ்சுக்காரனே திங்கிறான், நீ அங்கதானே இருந்துட்டு வந்திருக்கே."

சிரித்தாள். தட்டில் பாதி காலியாகியிருந்தது. சிறிது நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "டிக்கெட்டும் எடுத்திருப்பாரோ?" என்றாள்.

1953ல் அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. குடும்பத்தைக் கூட்டிப்போகிற காலமா அது? எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், எடுக்காமலே எழுதியிருக்கலாம். கடிதம் இல்லை, அம்மாவும் இல்லை. "தெரியலக்கா" என்றேன்.

மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்து, "எனக்கு ஒரு குச்சி கொண்டாந்து குடு. எத்தனை நாள்ல பூக்கும்?" என்று கேட்டாள்.

"ஒன்றரை வருஷம் ஆகும்."

"ஆகட்டும்."

அவள் வீட்டு பால்கனி கிழக்குப் பார்த்தது, மதியம் வரை வெயில் வரும், அது போதும். வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். நாலு நாளாக மாடிப்படிக்குக் கீழே நிழலில் காய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோக வேண்டும்.